சக்கரத்துக்கு எந்தப் பூச்சு?

புதுக் காரில் பளபளத்த சக்கரம் சில ஆண்டுகளில் களை இழக்கிறது. சேறு படுகிறது. கல் தெறிக்கிறது. பூச்சு உரிகிறது. அதைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெயிண்ட். மற்றொன்று பவுடர் கோட்டிங்.

"எது அதிகமாக மின்னும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். "இந்தச் சக்கரத்துக்கு எது பாதுகாப்பு?" என்றே கேட்க வேண்டும். அந்த நான்கு சக்கரங்களை நம்பித்தான் குடும்பம் முழுவதும் பயணம் செய்கிறது.

தூளும் சூடும்

பவுடர் கோட்டிங் என்பது ஈரமில்லாத பூச்சு. 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் இதற்கு வழி வகுத்தார். திருநீறு போன்ற பிளாஸ்டிக் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து, சக்கரத்தின் மேல் தெளிக்கிறார்கள். தூள் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பெரிய அடுப்புக்குள் சக்கரத்தை வைக்கிறார்கள். சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூள் உருகி, கெட்டியான தோல் போல் படிகிறது. எளிதில் உரியாது.

இரும்புச் சக்கரத்துக்கு இது நல்ல பூச்சு. துருவைத் தடுக்கும். அந்தச் சூடு இரும்பை ஒன்றும் செய்யாது.

அலாய் சக்கரம்

அலாய் சக்கரத்தின் கதை வேறு. அது அலுமினியக் கலவை. தொழிற்சாலையில் அதைச் சூடாக்கிப் பதப்படுத்தித்தான் வலுவூட்டுகிறார்கள். பட்டறையில் அளவுக்கு மீறி, நெடுநேரம் சுட்டால் அந்த வலு குறையும். வெளியே பார்த்தால் தெரியாது.

ஆகவே, சூட்டையும் நேரத்தையும் அளந்து வேலை செய்யும் பட்டறையில் மட்டுமே அலாய் சக்கரத்தைக் கொடுக்க வேண்டும். தயாரித்த கம்பெனி "கூடாது" என்றால் கூடாதுதான்.

பெயிண்ட் எப்போது?

பெயிண்டுக்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். பவுடர் பூச்சில் அது கடினம். பெரும்பாலும் முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி பூச வேண்டும். பெயிண்டின் குறை, அது சீக்கிரம் உரிவது. ஆனால் நெருக்கடியான தெருவில் அடிக்கடி உரசும் காருக்குப் பெயிண்டே லாபம்.

முதல் வேலை

எந்தப் பூச்சானாலும் முதலில் டயரைக் கழற்றி, பழைய பூச்சை எடுத்து, சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். ஒய்யாரக் கொண்டையில் தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும் என்பது பழமொழி. பூச்சு விரிசலை மறைக்கும், ஒட்டவைக்காது. விரிசல் இருந்தால் அந்தச் சக்கரத்தைத் தள்ளிவிட வேண்டும்.

நட்டு உட்காரும் இடத்தில் தடித்த பூச்சு படியக் கூடாது. பூச்சு நசுங்கினால் நட்டு தளர்ந்துவிடும். வேலை முடிந்ததும் பேலன்ஸ் பார்க்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சரியான அளவுக்கு முறுக்க வேண்டும்.

இரும்பு என்றால் பவுடர். அலாய் என்றால் நம்பிக்கையான பட்டறையில் பவுடர். அப்படிப்பட்ட பட்டறை இல்லையேல் பெயிண்ட். மினுமினுப்புக்கு ஆசைப்பட்டு உறுதியை இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது.