ஓரமாய்ப் போ!

சென்னை அண்ணா சாலையில் சில நாட்களுக்கு முன் நாம் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறோம். சைக்கிளில் டீ டிரம்மைக் கட்டிக் கொண்டு வந்த ஒரு தோழர், தெருவோரத்தில் நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறக்கப்பட்டதால் அதில் மோதி விழுந்தார். கை சிராய்ந்தது. அன்றையப் பிழைப்பான டீ முழுவதும் தெருவில் ஓடிற்று. காரிலிருந்து இறங்கிய கனவான் முதலில் பார்த்தது தமது கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்பதைத்தான். பிறகு அவர் கேட்டது, "ஓரமாய்ப் போகத் தெரியாதா?" என்பதாகும்.

விழுந்தவர் ஓரமாய்த்தான் போனார். ஓரமாய்ப் போனதினாலேயே விழுந்தார்!

இந்த "ஓரமாய்ப் போ" என்கின்ற வார்த்தை நம் நாட்டுக்குப் புதிதா என்று கேட்கின்றோம். பொதுத் தெருவில் இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கக் கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில் பெரும் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. இன்று பட்டணத் தெருவில் யாரும் ஜாதியைக் கேட்பதில்லை. எதன்மேல் ஏறி வருகிறாய் என்று பார்க்கிறார்கள். லாரியைக் கண்டு கார் ஒதுங்க வேண்டும். காரைக் கண்டு ஆட்டோ ஒதுங்க வேண்டும். ஆட்டோவைக் கண்டு மோட்டார் சைக்கிள் ஒதுங்க வேண்டும். இவ்வளவையும் கண்டு சைக்கிள் ஒதுங்க வேண்டும். அந்தச் சைக்கிள்காரராவது சும்மா இருக்கிறாரா? அவர் தம் பங்குக்கு, நடந்து போகும் கிழவியைப் பார்த்து மணியடித்து "ஓரமாய்ப் போ" என்கிறார். மேலே இருப்பவனிடம் வாங்கிய உதையைக் கீழே இருப்பவனுக்குக் கொடுத்துத் திருப்தியடையும் புத்தி தெருவிலும் நம்மை விடவில்லை.

சரி, அந்த ஓரத்தில் என்னதான் இருக்கிறது? நிறுத்தி வைத்த கார்கள், மூடி உள்ளே அமுங்கிய சாக்கடைக் குழிகள், மணல், மின்சாரப் பெட்டி, குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாய் மூடிய பள்ளம், இவைதாம் இருக்கின்றன. ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுச் சைக்கிள்களைத் தாராளமாய் நிறுத்தலாம். எட்டுப் பேருக்குரிய ஓரத்தை ஒருவர் பிடித்துக் கொண்டு, அந்த எட்டுப் பேரையும் பார்த்து ஓரமாய்ப் போ என்பது எந்த ஊர் நியாயம்?

"நாங்கள் வரி கொடுக்கிறோம்" என்று மோட்டார்க்காரர்கள் சொல்லுகிறார்கள். மோட்டார் வரி ராஜ்ய சர்க்காருக்குப் போகிறது. கார்ப்பரேஷன் தெருக்களுக்கோ, வீட்டு வரியும் பொதுப் பணமும் செலவாகின்றன. குடிசைவாசி வாங்கும் சோப்புக்கட்டியிலும் வரி இருக்கிறது. ஆகவே தெருவில் அவருக்கும் பங்குண்டு.

"சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள், விளக்கில்லாமல் வருகிறார்கள், சிக்னலை மதிப்பதில்லை" என்றும் சொல்லுகிறார்கள். இது உண்மை. இதை நாம் மறைக்க வரவில்லை. முன்காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீசார் பிடித்துக் காற்றைப் பிடுங்கி விட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். விளக்கு அவசியம், விதியும் அவசியம். ஆனால் சைக்கிள்காரர் தப்புச் செய்தால் பெரும்பாலும் சாகிறவர் அவரே. மோட்டார்க்காரர் தப்புச் செய்தாலும் சாகிறவர் அவரே! வேகம் இரட்டித்தால் மோதலின் பலம் நாலு மடங்காகும் என்பது கணக்கு. பலம் அதிகமுள்ளவனுக்குப் பொறுப்பும் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நிற்க, செத்த பிறகு "விதி முடிந்தது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். ஹாலந்து தேசத்தில் 1971-ல் தெரு விபத்தில் 3000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் 400 பேருக்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தலையெழுத்து என்று அழுது கொண்டிருக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தெருவில் இறங்கினார்கள். 1973-ல் பெட்ரோல் பஞ்சமும் சேர்ந்து கொள்ளவே, சர்க்காரின் புத்தி திரும்பிற்று. சைக்கிளுக்குத் தனி வழி போட்டார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைமேல் மோட்டார் மோதினால், பிள்ளை தப்புச் செய்திருந்தாலும், பெரும்பாலும் மோட்டார்க்காரரே முழு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இதனால் சாவு வெகுவாய்க் குறைந்தது. தெருவை மாற்றியதும் விதியும் மாறி விட்டதா?

நமது சென்னைக் கார்ப்பரேஷனும் சும்மா இருந்து விடவில்லை. போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் நூற்றுக்கு 60-க்குக் குறையாமல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமே செலவழிப்பது என்று 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றுக் கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள், நமக்கும் சந்தோஷமே. ஆனால் அண்ணா சாலையில் சைக்கிளுக்கென்று ஒரு முழ வழியையும் நாம் காணவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாய்ச் சைக்கிள் கொடுக்கும் சர்க்கார், அதை ஓட்ட வழி கொடுக்க வேண்டாமா? குதிரையைத் தானமாய்க் கொடுத்துக் கிணற்றுக்குள் ஓட்டு என்பதா?

கார் ஓட்டும் தோழரும் பெரும்பாலும் ஒரு முதலாளிக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டிய கூலிக்காரர்தான். டீ விற்கிறவரும் கூலிக்காரர்தான். இருவரும் ஒருவரையொருவர் வைது கொண்டிருக்கும் வரையில், தெருவை இப்படிப் போட்டவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே, அடுத்த முறை ஓட்டுக் கேட்க வருகிற கனவான்களை நிறுத்தி, "அந்த நூற்றுக்கு 60 எங்கே?" என்று கேட்கும்படி பொது ஜனங்களை வேண்டுகிறோம். அதுவரையில் மோட்டார்க்காரர்கள், கதவைத் திறக்குமுன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும். அதற்குக் காசு பணம் தேவையில்லை.