ஒளி யாருக்கு?

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், 1,300 ஆண்டுகளாக உப்புக்காற்றை எதிர்த்து நிற்கும் உளியின் வெற்றி! 2019 அக்டோபரில் இந்திய, சீனத் தலைவர்கள் வந்தனர். கோயில் ஒளிவெள்ளத்தில் மிதந்தது. "ஆகா!" என்றனர் பலர். நாம் கேட்கிறோம்: ஒளி யாருக்கு?

சிற்பத்தின் உயிர் நிழலில் இருக்கிறது. பக்கவாட்டில் மெல்லொளி பட்டால் சிலை பேசும். நேரெதிரே பேரொளி பாய்ச்சினால் கல் வெளிறும், கலை ஊமையாகும். கரையில் பொரித்த ஆமைக்குஞ்சோ, விளக்கைக் கடலின் வெளிச்சமென நம்பி, எதிர்த்திசையில் ஊர்ந்து மடியும்.

விளக்கே வேண்டாமென்றா சொல்கிறோம்? இல்லை! தாழ்வாக, மூடியிட்டு, மஞ்சளாக எரியட்டும்; காண்போர் கலைந்ததும் அணையட்டும். மிஞ்சும் மின்சாரம் மீனவர் தெருவுக்கும் சிற்பியின் பட்டறைக்கும் செல்லட்டும்! விருந்தினர் விழிக்கு ஒளி, உளி பிடித்தவன் வீதிக்கு இருள் என்பது எந்த நாட்டு நீதி?