வீக்கம் வேறு, புற்று வேறு

ஆடி ஞாயிறுகளில் நாம் வாழும் பெரியபாளையத்திற்கு வந்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்தும் பெண்கள், தமக்கு நேர்ந்த உடற்துன்பங்களை அம்மனிடமும் அருகிருப்போரிடமும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். உடன்வந்த அறுபது வயது ஆடவரோ, வரிசையைவிட்டு நான்காம் முறையாக நழுவி மறைவிடம் தேடுகிறார். கேட்டால் "சுகர்" என்பார். சர்க்கரை நோயைச் சொல்ல வெட்கமில்லை. புராஸ்டேட் வீக்கத்தைச் சொல்ல மட்டும் நா எழுவதில்லை.

நம் அண்டைவீட்டுப் பெரியவரும் அத்தகையவரே. கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்தவர். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தது. விரலால் சோதித்த மருத்துவர் சுரப்பியில் ஓரிடம் கடினப்பட்டிருக்கக் கண்டு, திசு ஆய்வுக்குச் சீட்டெழுதினார். அச்சீட்டு ஏழு மாதம் பஞ்சாங்கத்தினுள் கிடந்தது. காரணம் கேட்டோம். "பயாப்சின்னாலே கேன்சர்தானே தம்பி? சதையைக் கிள்ளினா பரவிடும்னு சொல்றாங்களே" என்றார்.

இதை அறியாமை என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. அவருக்கு உண்மையை அவர் மொழியில் சொன்னவர் யார் என்பதே நம் கேள்வி.

உண்மை இதுதான். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பி, வயது ஏற ஏறப் பருக்கிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும், எண்பதைக் கடந்தோரில் மிகப் பெரும்பாலோரிடமும் திசுவளவில் இம்மாற்றம் காணப்படும். இது புற்று அன்று. புற்றாக மாறுவதும் அன்று. வீக்கம் குழாயை ஒட்டிய உட்பகுதியில் தோன்றுகிறது. புற்றோ பெரும்பாலும் வெளியோரத்தில் தோன்றுகிறது. மருத்துவரின் விரலுக்கு அது பல நேரங்களில் தட்டுப்படுவது அதனால்தான்.

வீக்கத்தை அறிய ஊசி வேண்டியதில்லை. நோயாளியிடம் கேட்கும் சில வினாக்கள், விரற்சோதனை, சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன் ஆகியவை பெரும்பாலும் போதும். பி.எஸ்.ஏ. கூடினாலே புற்று என்பதும் பிழை. வீக்கத்தாலும் கிருமித்தொற்றாலும்கூட அது கூடும். ஒரே சுரப்பியில் வீக்கமும் புற்றும் சேர்ந்திருக்கவும் கூடும். ஐயம் எழும் அவ்விடத்தில்தான் திசு ஆய்வு நடுவராக வருகிறது. இன்று வாய்ப்புள்ள இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். பிறகு, ஸ்கேன் துணையுடன் மெல்லிய ஊசியால் பன்னிரண்டளவில் சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியின்கீழ் ஆராய்கிறார்கள். சில நாள் இரத்தம் கசியலாம். சிலருக்குத் தொற்றும் வரலாம். ஊசியால் புற்று பரவுவது அரிதினும் அரிது. வீக்கத்திற்காக அறுவை செய்து சுரண்டியெடுத்த துண்டுகளையும் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். எதிர்பாராத புற்று சிலவேளை அங்கே வெளிப்படுவதுண்டு. எல்லார்க்கும் ஊசி குத்துக என்பது நம் கட்சியன்று. தேவைப்பட்ட இடத்தில் அஞ்சி ஒளியாதீர் என்பதே நம் கட்சி.

இலக்கியம் பேசுமிடத்தில் மூத்திரப் பேச்சு எதற்கு என முகஞ்சுளிப்போர் உளர். அவர்களோடுதான் நம் வழக்கு. வீக்கம், கட்டி, சதை வளர்ச்சி, புற்று என நான்கு சொற்களையும் ஒன்றாகக் குழப்பி எழுதும் தமிழை வளர்த்தவர்கள் நாமே. 'பினைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'தீங்கற்ற' என்ற எளிய சொல் நம்மிடம் உண்டு. அதை மக்கள் நாவில் ஏற்ற நாம் முயன்றதில்லை. அச்சுரப்பிக்கு 'ஆண்மைச் சுரப்பி' என்று பெயரிட்டோரும் உண்டு. அப்பெயரைக் கேட்ட எந்த ஆடவர் தம் நோயை வெளியே சொல்வார்? 1879இல் பிரெஞ்சு மருத்துவர் எர்னஸ்ட் பெனியே உருவாக்கிய 'பயாப்சி' என்ற சொல்லின் கிரேக்க வேர்கள் உயிரையும் காண்டலையும் குறிப்பவை. நம் செவியில் அது சாவோலையாக ஒலிக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவ்வழியில் நாம் எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறோம்?

வெட்கம் நம் மரபென்று சாக்குச் சொல்லவும் இயலாது. பெரியார் தம் இறுதி ஆண்டுகளில், சிறுநீர்க்குழாய் பொருத்திய உடலோடு, அது சேரும் கலத்தையும் உடன்கொண்டு ஊர் ஊராகச் சென்று பேசினார். 1973 டிசம்பர் 19இல், மறைவுக்கு ஐந்து நாள் முன்பும், தியாகராய நகரில் மேடையேறினார். அவர் கொள்கையை மறுப்போரும் அந்த வெட்கமின்மையை மதிக்கலாம். 2024 சனவரியில் பிரித்தானிய அரசர் மூன்றாம் சார்லசு தமக்குத் தீங்கற்ற புராஸ்டேட் வீக்கம் என்று வெளிப்படையாக அறிவித்தபோது, அந்நோய் குறித்துத் தேடிப் படித்தோர் தொகை அந்நாட்டில் பன்மடங்காயிற்று. ஒருவர் வாய் திறந்ததன் பயன் அது.

நம் பெரியவர் ஒருவழியாக ஆய்வுக்கு இசைந்தார். தீங்கற்ற வீக்கமென்று முடிவு வந்தது. மருத்துவர் சொன்னபடி கண்காணிப்பில் இருக்கிறார். இல்லாத புற்றோடு அவர் ஏழு மாதம் உறக்கமின்றி வாழ்ந்திருக்கிறார். அது இருந்திருந்தால், அந்த ஏழு மாதத்தைப் புற்றுக்குத் தாரைவார்த்திருப்பார். இரண்டும் நம் மௌனம் தந்தவையே.

சொல்லாக்கச் சண்டைகளைச் சற்றே ஒத்திவைப்போம். இதை வாசிப்போர் இன்று தம் தந்தையிடம் ஒரு வினா கேட்கட்டும்: "அப்பா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?"