புலிப்பால் காளான்: எதிர்ப்புச் சக்தியும் இழுப்பு நோயும்

புகைமூட்டம் வந்தாலே வாட்ஸ்அப் குழுக்களில் புலிப்பால் காளானுக்கும் மவுசு வந்துவிடுகிறது. மலாயில் 'செண்டாவான் சுசு ஹரிமாவ்' எனப்படும் இது, தாய்ப்புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பதாகக் கதை. பூர்வகுடியினர் இதன் கிழங்கை இருமலுக்கும் இழுப்புக்கும் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். காட்டில் ஒற்றையாகவே முளைப்பதால் கிடைப்பது அரிது. மார்டி ஆய்வாளர்கள் இதைப் பயிராக்க வழி கண்ட பிறகுதான் மாத்திரையாகவும் தூளாகவும் கடைக்கு வந்தது.

கிழங்கில் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் வெள்ளையணுக்கள் அதை அடையாளம் கண்டு விழித்துக்கொள்ளும். விளம்பரங்கள் சொல்லும் 'எதிர்ப்புச் சக்தி' இதுதான். ஆனால் ஆஸ்துமா, எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதல்ல. மூச்சுக்குழாயில் அது தேவையின்றிச் சீறுவதால் வருவது. அப்படியிருக்க, அதை இன்னும் 'ஏற்றுவது' எப்படி மருந்தாகும்?

2021இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில் 50 பேர் தினமும் இருவேளை 300 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டனர். அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. மூச்சுத் திறன் கூடியது. அதாவது, ஏற்றியதைவிடத் தணித்ததே அங்கே கவனிக்க வேண்டியது. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை உண்ட குழு அதில் இல்லை. 50 பேர் என்பதும் சிறு எண்ணிக்கை.

1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. ஆஸ்துமா அவற்றில் ஒன்று. 'இழுப்பு அடியோடு போகும்' என்று விற்பவர் அந்த வரம்பைத் தாண்டியவர். டப்பாவில் 'எம்ஏஎல்' பதிவு எண் இருக்கிறதா, அது 'டி' என முடிகிறதா, ஹோலோகிராம் ஒட்டுவில்லை உண்டா என்று பார்க்கலாம். அந்தப் பதிவும் பாதுகாப்புக்கும் தரத்துக்கும்தான். நோய் தீரும் என்ற உத்தரவாதமல்ல.

தோட்டப்புறங்களில் கவலை தருவது வேறொன்று. தூள் வாங்கிய கையோடு கிளினிக்கில் கொடுத்த இன்ஹேலரை அலமாரியில் போட்டுவிடுவது. இரவில் இழுப்பு முற்றினால் அரசு மருத்துவமனை பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். காளான் வேண்டுமானால் இன்ஹேலரோடு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும். சிறுநீரக மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.