அரியணையின் நீளம் அருளின் அளவு அல்ல

கர்த்தருக்குக் கீழ்ப்படிந்த ராஜா செழித்தான், மீறிய ராஜா அழிந்தான் என்பதே இஸ்ரவேல் அரசர்களின் வரலாற்றிலிருந்து கிறிஸ்தவப் பிரசங்கங்கள் அடிக்கடி எடுக்கும் பாடம். ஞாயிறு பள்ளியிலேயே நல்ல ராஜாக்கள் ஒரு பக்கம், கெட்ட ராஜாக்கள் மறுபக்கம் என்று பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கப்படுகிறது. வளர்ந்தபின் அதே பட்டியல் தலைகீழாக வாசிக்கப்படுகிறது. தொழில் பெருகியவர், வீடு கட்டியவர், நோயிலிருந்து எழுந்தவர் கர்த்தருக்குப் பிரியமானவர் ஆகிறார். கடனில் விழுந்தவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் எங்கோ பிழை செய்தவர்கள் ஆகிறார்கள். செழிப்பின் உபதேசம் இந்த வாசிப்பின்மேல்தான் நிற்கிறது. இது தவறான வாசிப்பு. அதற்கு எதிரான முதல் சாட்சி, அது துணைக்கு அழைக்கும் அந்த அரசர்களின் வரலாறே.

ஆட்சியாண்டுகள் சொல்லும் கணக்கு

இராஜாக்களின் இரண்டு நூல்களும் பெரும்பாலான அரசர்களை ஒரே சட்டகத்தில் அறிமுகப்படுத்துகின்றன. எத்தனை ஆண்டு ஆண்டான், கர்த்தரின் பார்வையில் சரியாக நடந்தானா, தீங்கு செய்தானா என்பவை முதலில் வருகின்றன. அவன் வென்ற போரையும் கட்டிய நகரையும் அறிய விரும்புவோர் அரண்மனைக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் ஒரு குறிப்பு கடைசியில் வருகிறது. ஆட்சியின் நீளமும் ஆட்சியைப் பற்றிய தீர்ப்பும் அருகருகே எழுதப்பட்டிருப்பதால் இரண்டையும் ஒப்பிடுவது எளிது.

யூதாவை மிக நீண்ட காலம் ஆண்டவன் மனாசே: 55 ஆண்டுகள். ஆலயப் பிராகாரங்களில் வானசேனைகளுக்குப் பலிபீடம் கட்டியவன், தன் மகனைத் தீக்கடக்கப் பண்ணியவன், எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பியவன் என்று அதே நூல் அவனைக் குற்றம் சாட்டுகிறது. அவனுடைய தந்தை எசேக்கியா ஆண்டது 29 ஆண்டுகள். பேரன் யோசியா ஆண்டது 31 ஆண்டுகள். குறையின்றிப் புகழப்பட்ட இவ்விருவரின் ஆட்சியையும் கூட்டினாலும் மனாசேயின் ஆட்சியைவிட ஐந்து ஆண்டுகள்தான் மிகுதி. சரியாக நடந்தவன் என்று பெயர் பெற்ற யோதாமுக்குக் கிடைத்தது 16 ஆண்டுகள். சீரிய மன்னன் ரேத்சீனும் இஸ்ரவேல் மன்னன் பெக்காவும் யூதாவுக்கு எதிராகக் கிளம்பத் தொடங்கியதும் அவன் காலத்தில்தான். அவர்களை அனுப்பியவர் கர்த்தரே என்று 2 இராஜாக்கள் 15 கூறுகிறது. யோதாமின் குற்றம் எதுவும் அதற்குக் காரணமாகக் காட்டப்படவில்லை.

இதைவிடக் கூர்மையான சான்று 1 இராஜாக்கள் 14இல் இருக்கிறது. முதலாம் யெரொபெயாமின் மகன் அபியா நோயில் விழுகிறான். சிறுவன் இறப்பான் என்று தீர்க்கதரிசி அகியா அவன் தாயிடம் சொல்கிறார். அதற்கு அவர் தரும் விளக்கம் செழிப்பின் உபதேசத்தையே புரட்டிப்போடுகிறது: அந்தக் குடும்பத்தில் இவன் ஒருவனிடம்தான் கர்த்தருக்கு உகந்த நன்மை காணப்பட்டது, ஆகவே இவன் ஒருவன்தான் கல்லறைக்குச் செல்வான், மற்றவர்களின் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரையாகும். நல்லவனாய் இருந்ததால் ஒரு பிள்ளை இளமையில் இறந்தான் என்று வேதம் சொல்லும் இடத்தில், பிள்ளையை இழந்த பெற்றோரிடம் பாவத்தைத் தேடச் சொல்லும் உரிமை எந்தப் போதகருக்கும் இல்லை.

வல்லமை மிக்க உம்ரி

உலகக் கணக்கில் வட இஸ்ரவேலின் மிகப் பெரிய அரச குலத்தைத் தொடங்கியவன் உம்ரி. சேமேர் என்பவனிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கிச் சமாரியாவைக் கட்டினான். 1868இல் திபானில் கண்டெடுக்கப்பட்ட மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு, உம்ரி தன் நாட்டை ஒடுக்கியதைப் பதிவு செய்கிறது. அவன் குலம் அழிந்த பின்னரும் அசீரியர்கள் இஸ்ரவேலை உம்ரியின் வீடு என்றே அழைத்தார்கள். அந்தக் குலத்தை வெட்டி வீழ்த்திய யெகூவையே உம்ரியின் மகன் என்று மூன்றாம் சல்மனாசாரின் கறுப்புத் தூண் குறிப்பிடுகிறது. இத்தகையவனின் ஆட்சிக்கு 1 இராஜாக்கள் 16 ஒதுக்குவது 23 முதல் 28 வரையிலான ஆறு வசனங்கள். அவற்றின் மையத்தில் இருப்பது, முன்னிருந்த எல்லாரையும்விடக் கேடாய் நடந்தான் என்ற தீர்ப்பு.

அவன் மகன் ஆகாப், கி.மு. 853இல் கார்கார் போருக்கு 2,000 தேர்களையும் 10,000 காலாட்களையும் கொண்டுவந்தான் என்று அசீரியக் கல்வெட்டு சொல்கிறது. வேதம் இந்தப் போரைக் குறிப்பிடவே இல்லை. யெஸ்ரயேலில் நாபோத் என்ற குடியானவனின் திராட்சத்தோட்டம் பறிக்கப்பட்டதைத்தான் ஒரு முழு அதிகாரத்தில் விவரிக்கிறது. ஆயிரக்கணக்கான தேர்களைவிட ஒரு குடியானவனின் நிலம் அங்கே கனமாக நிற்கிறது.

எல்லை விரிந்த காலம்

செழிப்புக்கும் கடவுளின் ஒப்புதலுக்கும் உள்ள தூரத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது இரண்டாம் யெரொபெயாமின் காலம். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவன் சமாரியாவில் 41 ஆண்டுகள் ஆண்டான். வடக்கே ஆமாத்தின் எல்லை முதல் தெற்கே உப்புக்கடல் வரை இழந்த நிலத்தை மீட்டான். அது நடக்கும் என்று முன்னுரைத்தவர் அமித்தாயின் மகன் யோனா. பொய்த் தீர்க்கதரிசி ஒருவன் ஏமாற்றிச் சொன்ன வார்த்தை அன்று அது. உண்மையான வாக்கு, உண்மையாகவே நிறைவேறியது. எல்லையை விரிவாக்கும் ஆசீர்வாதம் என்று இன்று எதைக் கேட்டு மன்றாடுகிறார்களோ அது எழுத்துக்கு எழுத்து அவனுக்குக் கிடைத்தது. ஆயினும் அவன் தீங்கு செய்தவன் என்ற தீர்ப்பு மாறவில்லை.

அந்த வெற்றிக்கான காரணத்தை 2 இராஜாக்கள் 14 வெளிப்படையாகவே தருகிறது. இஸ்ரவேலின் துன்பம் கசப்பாய் இருந்தது, உதவுவார் யாருமில்லை, அதைக் கண்ட கர்த்தர் யெரொபெயாமின் கையால் மக்களை விடுவித்தார். வெற்றி அரசன்மேல் கொண்ட பிரியத்தால் வரவில்லை, மக்கள்மேல் கொண்ட இரக்கத்தால் வந்தது. அரசன் வெறும் கருவி. கருவியின் கூர்மையைக் கண்டு அதன் நேர்மையை அளப்பதுதான் இங்கே நிகழும் பிழை.

அந்தச் செல்வத்தின் உட்புறத்தை ஆமோஸ் காட்டுகிறார். தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர் அவர். காட்டத்திப் பழம் பறித்தவர். தந்தத்தால் அலங்கரித்த வீடுகளையும் கட்டில்களையும் அவர் கண்டிக்கிறார். சமாரியாவின் அகழாய்வில் தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழை விற்கப்பட்டதையும், வாசலில் நியாயம் புரட்டப்பட்டதையும், அதே கைகள் பெத்தேலில் தாராளமாகக் காணிக்கை செலுத்தியதையும் அவர் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார். ஆலயம் நிறைந்திருந்தது, பாடல் முழங்கியது, பண்டிகை குறையவில்லை. அவற்றைக் கர்த்தர் வெறுக்கிறார் என்பதே ஆமோஸ் கொண்டுவந்த செய்தி. பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த இடம் என்று கூறி அவரை விரட்டினான். செழிப்பை ஒப்புதலாக எண்ணும் சபை, தன்னை எச்சரிப்பவரை எப்போதும் இப்படித்தான் வெளியேற்றும்.

யெரொபெயாமுக்குப் பின் வந்த ஆறு அரசர்களில் நால்வர் கொலையுண்டார்கள். அவன் இறந்து ஏறத்தாழ 25 ஆண்டுகளில், கி.மு. 722 அளவில், சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. பொற்காலம் என்று கருதப்பட்டது கடைசித் தவணையாக இருந்தது.

நீதிமான்களுக்கு நேர்ந்தவை

எசேக்கியாவைப் போல் கர்த்தரை நம்பிய அரசன் யூதாவில் இல்லை என்று நூல் புகழ்கிறது. அதே அதிகாரத்திலேயே அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் அரணான நகரங்களை எல்லாம் பிடித்தான் என்றும் சொல்கிறது. 46 அரணான நகரங்களைக் கைப்பற்றியதாகச் சனகெரிப்பின் பட்டயம் கி.மு. 701ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி எழுதுகிறது. லாகீஸ் வீழ்ந்து மக்கள் சிறைப்பட்டுச் செல்லும் காட்சியை அவன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கினான். அந்தச் சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம் கட்ட, ஆலயக் கதவுகளின் பொன்தகட்டையும் உரித்துக் கொடுத்தான். எருசலேம் மட்டும் காக்கப்பட்டது. அந்த மீட்பு மெய்யானது. லாகீஸின் மக்கள் பட்ட பாடும் மெய்யானது. எருசலேமின் சாட்சியை மட்டும் சொல்லி லாகீஸை மறைக்கும் பிரசங்கம் பாதி உண்மையையே சொல்கிறது.

யோசியாவின் முடிவு இன்னும் கடினமானது. முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பிய அவனுக்கு ஒப்பானவன் முன்னுமில்லை, பின்னுமில்லை என்கிறது நூல். ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாண நூலைக் கேட்டு உடையைக் கிழித்துக்கொண்டு நாட்டைச் சீர்திருத்தியவன், கி.மு. 609இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் இறந்தான். வயது 39. நேகோவின் எச்சரிப்பைக் கேளாமல் போனதை நாளாகமம் காரணமாகக் கூறுகிறது. இராஜாக்களின் நூலோ காரணம் எதையும் கூறவில்லை. மனாசேயின் பாவத்தால் மூண்ட கோபம் தணியவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஒப்பற்ற பக்தியும் நாட்டின் அழிவைத் தடுக்கவில்லை.

சாலொமோனின் பொன்

செழிப்புக்கு எடுத்துக்காட்டாக அதிகம் காட்டப்படுபவன் சாலொமோன். கேளாத ஐசுவரியத்தையும் கர்த்தரே அவனுக்குக் கொடுத்தார் என்பது 1 இராஜாக்கள் 3இல் உள்ளது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உபாகமம் 17 அரசனுக்கு மூன்றைத் தடுக்கிறது: குதிரைகளைப் பெருக்குதல், மனைவியரைப் பெருக்குதல், வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்த்தல். 1 இராஜாக்கள் 10 ஓர் ஆண்டில் வந்த 666 தாலந்து பொன்னையும், 1,400 தேர்களையும், எகிப்திலிருந்து வந்த குதிரைகளையும் எண்ணிக் காட்டுகிறது. அடுத்த அதிகாரம் 700 மனைவியரோடும் 300 மறுமனையாட்டியரோடும் தொடங்கி, அவன் இருதயம் வழுவியதில் போய் முடிகிறது. உபாகமத்தை அறிந்த வாசகருக்கு அந்தப் புகழ்ப் பட்டியல் குற்றப் பட்டியலாகவே தெரியும். கடவுள் கொடுத்த செல்வமும் மனிதனைக் கெடுக்கலாம் என்பதே அவன் வாழ்வின் பாடம்.

மாற்றுவாதம்

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று உபாகமம் 28 கூறுகிறது என்பது முதலாவது. அந்த வார்த்தை ஒரு முழு ஜனத்தோடு செய்த உடன்படிக்கைக்கு உரியது. பல தலைமுறைகளில் அது நிறைவேறியதையே அரசர்களின் வரலாறு காட்டுகிறது. தனிமனிதரின் வங்கிக் கணக்கையோ மருத்துவ அறிக்கையையோ விளக்க அது கொடுக்கப்படவில்லை. மேலும், மழை பெய்தால் வயல் நனையும் என்பது உண்மை. நனைந்த வயலெல்லாம் மழை கண்ட வயல் என்பது உண்மையாகாது. ஏற்றம் இறைத்த வயலும் நனைந்துதான் கிடக்கும்.

நாளாகம நூல்கள் நன்மைக்கும் தீமைக்கும் உடனே பலன் காட்டுகின்றன என்பது இரண்டாவது மறுப்பு. சிறையிருப்பிலிருந்து திரும்பிய தலைமுறைக்காக எழுதப்பட்ட நூல்கள் அவை. முன்னோரின் பாவத்தால் தங்களுக்கு வழி அடைபடவில்லை, திரும்பினால் கர்த்தர் கேட்பார் என்று அந்த மக்களைத் தேற்றுவதே அவற்றின் நோக்கம். அந்த நூல்களிலும் கணக்கு எப்போதும் நேராக முடிவதில்லை. எசேக்கியாவின் உண்மையுள்ள செயல்களை விவரித்து முடித்த அடுத்த வரியிலேயே சனகெரிப் வருகிறான். ஆசாரியன் யோய்தாவின் மகன் சகரியா, உண்மையைப் பேசியதற்காகவே யோவாஸ் அரசனின் கட்டளையால் ஆலயப் பிராகாரத்தில் கல்லெறியுண்டு இறக்கிறார். அவர் செய்த பாவம் என்ன என்று எந்தச் செழிப்புப் போதகராலும் சொல்ல முடியாது.

புதிய ஏற்பாடு இந்தக் கணக்கை முற்றாக மூடுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் இயேசு. பிறவிக் குருடனைக் காட்டி யார் பாவம் செய்தது என்று சீஷர்கள் கேட்டபோது அந்தக் கேள்வியையே அவர் ஏற்கவில்லை. தாவீதின் வம்சத்தில் வந்த அந்த ராஜாவுக்குக் கிடைத்தது முள்முடியும் சிலுவையும். செழிப்பே ஒப்புதல் என்றால், சிலுவைக்கு முன் நின்று பரிகசித்தவர்களின் வாதம்தான் சரி என்றாகிவிடும்.

இந்த நம்பிக்கை செய்யும் தீங்கு ஏட்டோடு நிற்பதில்லை. நோயாளியின் படுக்கையருகே அது பாவத்தைத் துருவுகிறது. ஏழையிடம் விதை என்று பெயர் சொல்லிக் காணிக்கை வாங்குகிறது. செல்வந்தரிடம், அந்தச் செல்வம் வந்த வழியைக் கேட்காமல் விடுகிறது. கூலி கொடுக்காமல் கேதுருமர அரண்மனை எழுப்பிய யோயாக்கீமிடம் எரேமியா கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அவன் தந்தை யோசியா ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் செய்தான். கர்த்தரை அறிவது என்பது அதுவே என்று எரேமியா 22 விளக்குகிறது. அரசர்களின் வரலாறு கிறிஸ்தவருக்குத் தரும் அளவுகோல் இதுதான்.

இராஜாக்களின் இரண்டாம் நூல் முடியும் இடமும் கவனிக்கத்தக்கது. 18 வயதில் மூன்றே மாதம் ஆண்டு, கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யோயாக்கீன், தீங்கு செய்தவன் என்று தீர்ப்புப் பெற்றவன். சிறையிருப்பின் 37ஆம் ஆண்டில் பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் அவனைச் சிறையிலிருந்து எடுத்து, சிறை உடையை மாற்றி, தன் பந்தியில் உட்காரவைத்தான். அவன் மனந்திரும்பினான் என்று நூல் சொல்லவில்லை. தகுதி எதையும் காட்டவில்லை. உயிரோடிருந்த நாளெல்லாம் அவனுக்கு அன்றாட உணவு அளக்கப்பட்டது என்பதோடு நூல் முடிகிறது.