ஆபரேஷனும் அக்குபங்சரும்



ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அக்குபங்சர் எடுத்துக்கொள்ளலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் துணைக்கு மட்டும்.

1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அக்குபங்சரிலேயே வயிற்றை அறுத்தார்கள் என்று கதை கட்டிவிட்டார்கள். உண்மை அதுவல்ல. வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் அக்குபங்சர். அதில் சுகம் கிடைத்ததாக அவரே நியூயார்க் டைம்ஸில் எழுதினார். இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன, கவனியுங்கள்.

மயக்க மருந்து தெளிந்ததும் பலருக்குக் குமட்டல், வாந்தி வரும். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. பி6 என்பார்கள். 59 ஆய்வுகளை, 7,667 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, அந்தப் புள்ளியைத் தூண்டினால் குமட்டல் குறைகிறது, வாந்தி மருந்துக்கு ஏறக்குறைய ஈடாகிறது என்கிறது. ஊசிதான் வேண்டும் என்றுகூட இல்லை, அழுத்தம் கொடுக்கும் பட்டைகளும் அந்த ஆய்வுகளில் உண்டு. வலிக்கும் கொஞ்சம் உதவலாம். ஆனால் அதற்குச் சான்று இவ்வளவு உறுதியாக இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நம் உறவில் ஒரு அம்மாள், மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, ஒரு ஹீலர் பேச்சைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார். "உடம்பே பார்த்துக்கொள்ளும்" என்றாராம் அந்த ஆள். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்த வலியோடு இன்னும் இரண்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். இது ஹீலருக்குத் தெரியாதா? சில மாத்திரைகளை ஆபரேஷனுக்கு முன் நிறுத்தத்தான் வேண்டும். எதை, எப்போது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஊசி குத்திக்கொள்ளாதீர்கள். தையல் போட்ட இடத்தருகே கூடவே கூடாது. உங்கள் கண்ணெதிரே புது ஊசி பிரிக்கட்டும்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் மாத்திரைச் சீட்டிலேயே அக்குபங்சர் எடுத்த தேதியையும் எழுதி, மயக்க மருந்து டாக்டர் கையில் கொடுங்கள்.