முலாம் கூறும் வரலாறு

திருக்கார்த்திகைக்கு முதல்நாள் வீடுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. கறுத்துப்போன குத்துவிளக்கைக் கிணற்றடிக்கு எடுத்துச் சென்று, முதலிற் பழப்புளியும் பின்னர்ச் சாம்பலும் இட்டுத் தேய்ப்பர். சிறிது நேரத்திற் பித்தளை பொன்போல ஒளிவிடும். புளியிலுள்ள அமிலம் உலோகத்தின்மேற் படிந்த ஒட்சைட்டுப் படையைக் கரைக்கின்றது. சாம்பல் எஞ்சியதை உரசி எடுக்கின்றது. விளக்கு அடியிலிருந்து முடிவரை பித்தளையே ஆதலின், எத்தனை ஆண்டு தேய்த்தாலும் பித்தளையே வெளிப்படும்.

ஆனால் உலோகப் பொருள்கள் யாவும் குத்துவிளக்குப் போன்றனவல்ல. உள்ளே ஓர் உலோகமும் மேலே மற்றோர் உலோகமுமாக அமைந்தவை பல. அவற்றை விளக்குத் தேய்ப்பதுபோலத் தேய்ப்பவர், அழுக்கோடு பொருளின் உண்மைத் தோற்றத்தையும் சேர்த்தே அழித்துவிடுவர். இவ்வுண்மையை விளக்க, அமெரிக்க நாட்டு விளையாட்டுப் பொறி ஒன்றினை இன்று எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் பின்போல்.

சாய்ந்த மேசையொன்றின்மேற் கண்ணாடி மூடியிருக்கும். விளையாடுவோர் வில்லுடன் கூடிய உந்துகோலை இழுத்துவிட, உருக்குக் குண்டொன்று மேலே பாய்ந்து, தடைகளில் மோதி, மணிகளை ஒலிக்கச்செய்து, விளக்குகளை ஏற்றிக்கொண்டு கீழே உருண்டு வரும். அது குழியில் வீழுமுன் தட்டி மேலே அனுப்புவதே ஆட்டத்தின் திறமை. அமெரிக்காவின் சிக்காகோ நகரமே இப்பொறிகளின் தாயகம். அந்நகரின் கொட்லீப் நிறுவனம் 1931ஆம் ஆண்டிலே வெளியிட்ட பொறியொன்று, பொருளாதார மந்தத்தால் வாடிய மக்களுக்கு ஒரு சிறு நாணயத்துக்குச் சில நிமிட மகிழ்ச்சியை அளித்தது. குண்டைத் தட்டும் ‘பிளிப்பர்’ என்னும் கைகள் அதே நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற பொறியில் 1947இலே முதன்முதல் இடம்பெற்றன.

இப்பொறிகள் பழியும் சுமந்தன. இது திறமையின் ஆட்டமன்று, சூதாட்டமே எனக் கருதிய நியூயோர்க் நகர மேயர் லாகார்டியா 1942இலே அதனைத் தடைசெய்வித்தார். காவலர் பொறிகளைச் சம்மட்டியால் உடைத்தனர். 1976இலே ரொஜர் ஷார்ப் என்பவர் நகரசபையினர் முன்னிலையில், குண்டு எவ்வழியே செல்லும் என்பதை முன்கூட்டியே சொல்லி அவ்வாறே செலுத்திக் காட்டிய பின்னரே அத்தடை நீங்கிற்று. இத்தகைய வரலாறுடைய பொறிகளைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போர் இன்று பல நாடுகளில் உளர். மரத்தையும் ஓவியத்தையும் செப்பனிடுவதில் எவ்வளவு நுட்பமுண்டோ, அவ்வளவு நுட்பம் அவற்றின் உலோக உறுப்புகளை மீட்பதிலும் உண்டு.

முதலில் அறியவேண்டியது, எந்த உறுப்பு எவ்வகை மேற்பரப்புடையது என்பதாகும். பிற்காலப் பொறிகளின் பக்கப்பட்டைகள் கறையில் உருக்கால் ஆனவை. அவற்றுக்கு முலாம் இல்லை. அவ்வுருக்கிலுள்ள குரோமியமே காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கவசத்தைத் தானாகவே ஆக்கிக்கொள்கின்றது. வெளியே பளபளக்கும் சில உறுப்புகள் நிக்கல் முலாமோ, நிக்கலின்மேற் குரோமிய முலாமோ பெற்றவை. உள்ளே மறைந்திருக்கும் தாங்கிகள், தகடுகள், திருகுகள் பெரும்பாலும் நாக முலாம் பெற்றவை. குரோமியத்தின் ஒளியிற் சற்று நீலம் கலந்திருக்கும். நிக்கலின் ஒளியில் இளமஞ்சட் சாயல் தோன்றும். நாகமோ அடக்கமான சாம்பல் நிறமுடையது.

அலங்காரக் குரோமிய முலாமின் தடிப்பு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மீண்டும் இரண்டாக்கினால் வருவதைவிடப் பெரும்பாலும் குறைவு. நம் தலைமயிர் ஒன்று அதைப்போல நூறு மடங்குக்குமேல் தடித்தது! அரத்தையும் மணற்றாளையும் எடுத்துக்கொண்டு அதன்மீது பாய்வது எத்துணைப் பேதைமை என்பதை இவ்வளவு ஒன்றே உணர்த்தும்.

மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். நிக்கலும் நாகமும் இரும்பைக் காக்கும் முறை ஒன்றல்ல. நிக்கல் மதிலைப் போன்றது. மதில் முழுமையாக உள்ளவரை பகைவன் உட்புகான். ஆனால் ஒரு துளை விழுந்தாலோ, இரும்பு நிக்கலைவிட எளிதில் அரிப்புறும் தன்மையுடையதாதலின், அத்துளையின் வழியே உள்ளிருக்கும் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். நாகமோ எசமானுக்காக உயிர்கொடுக்கும் சேவகனைப் போன்றது. அது இரும்பைவிட எளிதில் அரிப்புறுவதால், ஓரிடத்திற் கீறல் விழினும், தான் முதலில் அழிந்து இரும்பைக் காக்கும். அவ்வாறு அழிந்ததன் அடையாளமே நாகத்தின்மேற் காணும் வெண்பொடி. ஆதலின் வெண்பொடி கண்டால், சேவகன் இன்னும் கடமை செய்கின்றான் என்க. செந்துரு கண்டால், அவன் மாண்டுவிட்டான் என்க.

இனி, மீட்கும் முறைகளைப் பார்ப்போம். பொறியைக் கழற்றும்போதே ஒவ்வோர் உறுப்பையும் திருகுத் தலையின் கீழும், ஒன்றன்மேலொன்று பொருந்திய இடங்களிலும் உற்றுநோக்கல் வேண்டும். காற்றும் கையும் படாத அவ்விடங்களிலேதான் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம் எஞ்சியிருக்கும். அதுவே சாட்சி. அச்சாட்சியைக் கேளாது வேலை தொடங்குபவர், தம் விருப்பத்தையே பழமை என்று கொள்வர்.

அடுத்து, மிகவும் மென்மையான முறையிலிருந்து தொடங்குதல் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் புகைப்படிவும் சவர்க்கார நீருக்கே நீங்கிவிடும். பல உறுப்புகளுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டுவதில்லை. சிறு திருகுகளையும் தாங்கிகளையும், பொடித்த வால்நட் ஓட்டுடனோ சோளத்தக்கைப் பொடியுடனோ சிறிது மெருகுப் பசை சேர்த்து, அதிரும் பாத்திரமொன்றில் இட்டு, ஒரு நாளோ அதற்கு மேலோ விட்டுவைப்பர். ஆயிரமாயிரம் மென்துகள்கள் உராய்ந்து ஒளியைக் கொணரும். குரோமிய முலாமிற் சிறு துருப்புள்ளிகள் இருப்பின், கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தல் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது. ஆகவே துரு நீங்கும், முலாமிற் கீறல் விழாது.

கறையில் உருக்குப் பட்டைகளில் நீளவாட்டிலே ஓடும் நுண்ணிய இழைகளைக் காணலாம். கீறல் விழுந்த பட்டையைத் தேய்க்கும்போது அவ்விழைகள் ஓடும் திசையிலேயே, ஒரே போக்காகத் தேய்த்தல் வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒளி சிதறிப் பட்டை முழுவதும் அலங்கோலமாகும். சாதாரண உருக்குக் கம்பளியை அதிற் பயன்படுத்தவும் கூடாது. அதன் துணுக்குகள் பட்டையிற் பதிந்து, சில நாளிலே துருப்பிடித்து நிற்கும்.

துரு மிகுந்து முலாமே போய்விட்ட இரும்புக்கு வேறு வழியுண்டு. சலவைச் சோடா கரைத்த நீரில் அவ்வுறுப்பை நேரோட்டத்தின் எதிர்முனையுடன் இணைத்துத் தொங்கவிட்டு, பழைய இரும்புத் தகடொன்றை நேர்முனையுடன் இணைப்பர். மின் பாயும்போது துரு இளகி உதிரும். ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உள. அங்கே எழும் ஐதரசன் தீப்பற்றக்கூடிய வாயுவாதலின், திறந்த வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும். சோடாவுக்குப் பதிலாக உப்பை இட்டால் நச்சு வாயுவாகிய குளோரீன் பிறக்கும். நேர்முனையிற் கறையில் உருக்கை வைத்தால், அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்வையாகி நீரிற் கலக்கும்.

அமிலங்களைப்பற்றியும் ஒரு சொல். வினாகிரி துருவை நீக்கும் என்பது மெய்யே. ஆனால் நாக முலாம் பெற்ற உறுப்பை அதில் இட்டால், குமிழிகள் எழும்பத் தொடங்கும். பார்ப்பவர் அழுக்குப் போகின்றது என்று மகிழ்வர், போவதோ முலாம்! வில்லுருக்கை அமிலத்தில் இடுதலும் ஆகாது. பிறக்கும் ஐதரசன் உருக்கினுட் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். அதனாலேயே தொழிற்சாலைகளில் வில்களுக்கு முலாம் பூசியபின் ஏறக்குறைய 190 பாகை சதமவளவு வெப்பத்திற் பல மணிநேரம் வைத்து அவ்வைதரசனை வெளியேற்றுவர்.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் கட்மியம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்கருவிகளின் திருகுகளுக்கும் தகடுகளுக்கும் கட்மிய முலாம் பூசும் வழக்கம் பரவியிருந்தது. தோற்றத்தில் அது நாகத்தைப் போன்றதே. அதன் தூளை உட்சுவாசித்தால் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பெருங்கேடு விளையும். யப்பானின் தொயாமா மாநிலத்திலே சுரங்கக் கழிவிலிருந்த கட்மியம் ஆற்று நீரிற் கலந்து வயலை அடைந்து, மக்களின் எலும்புகளை நொறுக்கிய கொடிய நோயாக மாறிற்று. அந்நோயின் காரணம் கட்மியமே என அந்நாட்டரசு 1968இலே ஏற்றுக்கொண்டது. ஆதலின் ஐயத்துக்குரிய பழைய முலாமை உலர்நிலையில் மணற்றாளால் தேய்த்தலும், சுழலும் தூரிகையால் உரசுதலும், அதிரும் பாத்திரத்தில் இடுதலும் தவிர்க்கப்படவேண்டியவை. ஒரு திருகின் அழகுக்காக ஒரு மனிதரின் மூச்சை ஈடுவைப்பது எவ்வகை அறிவுடைமை?

முலாம் முற்றாக அழிந்திருந்தால், பயிற்சி பெற்ற முலாம் பூசுவோரிடம் கொடுத்து மீண்டும் பூசுவித்தலே முறை. அங்கேதான் புதுப்பிப்போரின் மனம் சோதனைக்கு உள்ளாகின்றது. “சாம்பல் நிற நாகம் எதற்கு? எல்லாவற்றுக்கும் குரோமியமே பூசிவிடலாமே!” என்று ஆசை தூண்டும். பொறி கண்ணைப் பறிக்கும், காண்போர் வியப்பர். ஆனால் அது 1950ஆம் ஆண்டுப் பொறியாக இராது. 1950ஆம் ஆண்டு வேடம் பூண்ட புதுப்பொறியாகவே இருக்கும். எந்த இடத்துக்கு ஒளி வேண்டும், எந்த இடத்துக்கு வலிமை மட்டும் போதும் என அன்றைய தொழிலாளர் எண்ணிச் செய்த தெரிவுகளும் வரலாறேயன்றோ?

விதிவிலக்கு ஒன்றே. அஃது ஆடும் குண்டு. ஏறக்குறைய 27 மில்லிமீற்றர் விட்டமும் 80 கிராம் நிறையுமுள்ள அவ்வுருக்குக் குண்டிலே துருப்பள்ளம் விழுந்தால், அது உருளுமிடமெல்லாம் ஆடுதளத்தின் ஓவியத்தை அரம்போல அராவிவிடும். அதனைப் பழமை என்று போற்றாது மாற்றிவிடுதலே நன்று. ஒன்றைப் பாதுகாப்பதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டிய இடமும் உண்டு.

இவற்றையெல்லாம் எழுதும்போது எம் அப்பாச்சியின் வெற்றிலைத் தட்டம் நினைவில் எழுகின்றது. வெள்ளிபோல மின்னிய நிக்கல் முலாம் பூசிய பித்தளைத் தட்டம் அது. பத்து வயதிருக்கும்போது, அவரை மகிழ்விக்க எண்ணி, மணலும் சாம்பலும் இட்டு அரைநாள் முழுவதும் தேய்த்தோம். தட்டத்தின் நடுவே மஞ்சட் பித்தளை வெளித்தெரிந்தது. அவர் ஏசவில்லை. “அப்பு, இது உன்ர அப்பப்பா கலியாணத்துக்கு வாங்கினது” என்று மட்டும் கூறி, அத்தட்டத்தை வாங்கித் துடைத்து, வழக்கம்போல வெற்றிலையை அடுக்கினார். பின்னர்ப் பல ஆண்டுகள் அம்மஞ்சட் புள்ளியை வெற்றிலைகளாலேயே மறைத்து வைத்தார்.

அன்று எமக்கு இல்லாதது உழைப்பன்று. தேய்க்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியே. “இது முன்பு எவ்வாறு இருந்தது?” என்பதே அக்கேள்வி. உங்கள் வீட்டிலும் பாட்டனார் காலத்துக் கடிகாரமோ, தையற்பொறியோ, சைக்கிள் மணியோ மூலையிற் கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதனை எடுத்து, திருகொன்றைக் கழற்றி, அதன் தலையின் கீழே பாருங்கள். தேய்ப்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.